விடைபெறும் ஊழியரும் விசாரணை நீதியும்

ஓர் ஊழியரைச் சேவைக்கு அமர்த்தும்போது நிறுவனங்கள் மிகுந்த ஒழுங்குமுறையைக் கைக்கொள்கின்றன. விண்ணப்பம் கோரப்படுகிறது, சான்றிதழ்கள் சரிபார்க்கப்படுகின்றன, நேர்முகப் பரீட்சை நடத்தப்படுகிறது, நியமனக் கடிதத்திலே சம்பளம் முதல் விடுமுறை வரை ஒவ்வொரு நிபந்தனையும் எழுத்தில் இடம்பெறுகிறது. அதே ஊழியர் சேவையை விட்டு நீங்கும் வேளையில், அதுவும் அவர்மீது ஏதேனும் குற்றச்சாட்டு எழுந்திருக்கும் வேளையில், இந்த ஒழுங்குமுறை பல இடங்களில் காணாமற் போய்விடுகிறது. காலையில் வேலைக்கு வந்தவர் நண்பகலில் அலுமாரித் திறப்பை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறார். தாம் செய்த குற்றம் யாது, அதைச் சொன்னவர் யார், எந்தச் சான்றின்மேல் முடிவு எடுக்கப்பட்டது என்பவை அவருக்குத் தெரியா. அயலவருக்கும் உறவினருக்கும் மாத்திரம் ஏதோ ஒரு கதை எட்டிவிடுகிறது.

விசாரணைக் காலத்தில் ஒருவர் சேவையை விட்டு நீங்குவது பல வகையில் நிகழலாம். குற்றச்சாட்டைக் கேட்டு மனம் நொந்து தாமே விலகற் கடிதம் கொடுப்பவர் உண்டு. விசாரணை முடிவதற்குள் ஓய்வுபெறும் வயதை அடைபவர் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிவுற்று நீங்குபவர் உண்டு. மேலதிகாரிகளால் நீக்கப்படுபவரும் உண்டு. இவர்கள் எல்லோரையும் பற்றி நிருவாகங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: போகின்றவருக்கு இனி விசாரணை எதற்கு? இக்கேள்வி மேற்பார்வைக்கு நியாயமானதாகத் தோன்றும். ஆனால் ஒருவர் வேலையை விட்டு நீங்கும்போது அவரோடு கூடச் செல்பவை எவை என்று எண்ணிப் பார்த்தால் விடை வேறாகும். அவருடைய நற்பெயர் கூடச் செல்கிறது. பல்லாண்டு உழைப்பின் பயனாகிய ஓய்வூதியமோ பணிக்கொடையோ கூடச் செல்கிறது. அடுத்த வேலையைத் தேடும் தகுதியும் கூடச் செல்கிறது. விசாரணை நீதி காப்பாற்ற வேண்டியவை இவையே. ஆதலால் போகின்றவருக்குத்தான் அது பெரிதும் வேண்டப்படுகிறது.

இவ்வுண்மையை நிலைநாட்டிய வழக்கு ஒன்று இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிறைற்றன் நகரிலே பிறந்தது. அந்நகரின் பொலிஸ் படைக்குத் தலைவராக இருந்தவர் சாள்ஸ் றிட்ஜ் என்பவர். சாதாரணக் காவலராகச் சேர்ந்து, 30 ஆண்டுகளுக்கு மேல் சேவையாற்றி, 1956 ஆம் ஆண்டில் தலைமைப் பதவியை அடைந்தவர் அவர். 1957 ஒக்டோபரில், நீதி வழங்கலுக்கு இடையூறு செய்யச் சதி புரிந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் வேறு சிலருடன் அவரும் கைதுசெய்யப்பட்டார், பதவியிலிருந்தும் இடைநிறுத்தப்பட்டார். 1958 பெப்ரவரியில் வழக்கு முடிவுற்றது. அவருடைய படையைச் சேர்ந்த இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். றிட்ஜ் குற்றமற்றவர் என விடுதலை செய்யப்பட்டார். எனினும் அவ்விருவருக்கும் தண்டனை விதிக்கும்போது, படைத்தலைவரின் வழிகாட்டலில் குறை இருந்தது என்று நீதிபதி கருத்துரைத்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் பொலிஸ் படையை மேற்பார்வை செய்வதற்கு நகரசபையின் காவற்குழு என்று ஒன்று இருந்தது. கடமையில் கவனமற்றவரென்றோ தகுதியற்றவரென்றோ தான் கருதும் காவலரை நீக்குவதற்கு 1882 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அக்குழுவுக்கு அதிகாரம் அளித்திருந்தது. 1958 மார்ச் 7 ஆம் திகதி அக்குழு கூடி றிட்ஜைப் பதவி நீக்கியது. கூட்டம் நடைபெறப் போவதாக அவருக்கு அறிவிக்கப்படவில்லை. எக்குற்றத்துக்காக நீக்கப்படுகிறார் என்று கூறப்படவில்லை. அவர் பக்கத்து விளக்கமும் கேட்கப்படவில்லை. சில நாட்களின் பின்னர் அவருடைய வழக்கறிஞர் வேண்டிக்கொண்டதன்பேரில் குழு மீண்டும் கூடி அவ்வழக்கறிஞரின் உரையைச் செவிமடுத்தது. அப்பொழுதும் குறிப்பான குற்றச்சாட்டு எதுவும் முன்வைக்கப்படவில்லை. முன்னைய முடிவே நிலைத்தது.

இங்கு கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. றிட்ஜ் மீண்டும் அந்தப் பதவியில் அமர வேண்டுமென்று வாதாடவில்லை. அவர் எப்படியும் போகப் போகிறவரே. அவர் காப்பாற்ற விரும்பியது தமது ஓய்வூதியத்தையே. பதவியிலிருந்து நீக்கப்பட்டால் ஓய்வூதிய உரிமை போய்விடும். ஓய்வுபெறுமாறு பணிக்கப்பட்டால் அது நிலைக்கும். ஆகவே அவரை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது மாத்திரம் குழுவின் முன் இருந்த கேள்வியன்று; எந்த விதத்தில் அனுப்புவது என்பதும் அக்கேள்வியில் அடங்கியிருந்தது. அந்த இரண்டாம் பகுதியைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்திருக்கலாம். சொல்வதற்குத்தான் இடம் கொடுக்கப்படவில்லை.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் அவர் தோற்றார். இறுதியில் வழக்கு, அக்காலத்தில் இங்கிலாந்தின் அதியுயர் மன்றாக விளங்கிய பிரபுக்கள் சபைக்குச் சென்றது. 1963 மார்ச் மாதத்தில் ஐந்து நீதிபதிகளுள் நால்வர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். குற்றச்சாட்டை அறிவியாமலும் பதில் கூறச் சந்தர்ப்பம் அளியாமலும் செய்யப்பட்ட பதவிநீக்கம் செல்லாது என்பதே தீர்ப்பு. அவருக்கு எதிரான சான்று வெளிப்படையாக இருந்தது, கேட்டிருந்தாலும் முடிவு மாறியிராது என்ற வாதம் அவரை விசாரியாது விட்டமைக்குச் சமாதானமாகாது என்பதையும் இத்தீர்ப்பு உணர்த்திற்று. முடிவு மாறுமா மாறாதா என்பது கேட்ட பின்னரே தெரியும்.

இவ்வழக்கோடு இலங்கைக்கும் ஒரு தொடர்புண்டு. யுத்தகாலப் புடைவைக் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் நக்குடா அலி என்ற புடைவை வியாபாரியின் அனுமதிப்பத்திரம் இந்நாட்டில் இரத்துச் செய்யப்பட்டது. 1971 ஆம் ஆண்டுவரை இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றாக இருந்த கோமறைக் கழகம் அவ்விடயத்தில் 1950 இல் தீர்ப்பளித்தபோது, கட்டுப்பாட்டாளர் இத்தகைய முடிவை எடுக்கையில் நீதிபதிபோன்று செயற்படவேண்டிய கடமை உடையவரல்லர் என்று கருதியது. நிருவாக அதிகாரிகளின் கையை அத்தீர்ப்பு வலுப்படுத்திற்று. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் றிட்ஜின் வழக்கில் றீட் பிரபு அத்தீர்ப்பை எடுத்து ஆராய்ந்து, அதன் நியாயங்கள் பிழையானவை என்று காட்டினார். ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் முடிவை எடுப்பவர், அதிகாரியாயினும் குழுவினராயினும், அவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற பழைய நெறி இவ்வாறு புத்துயிர் பெற்றது.

பழைய நெறி என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் 1718 ஆம் ஆண்டில் பென்றிலி என்ற பெரும் புலவரின் பட்டங்களை அவரை விசாரியாமலே பறித்தது. 1723 இல் நீதிமன்றம் அச்செயல் தவறெனக் கண்டது. அவ்வழக்கிலே நீதிபதி ஒருவர், ஆதி மனிதனாகிய ஆதாமைக்கூட அவன் செய்ததைப் பற்றி வினவி, பதில் கூற இடமளித்த பின்னரே இறைவன் தோட்டத்தை விட்டு வெளியேற்றினான் என்று எடுத்துக்காட்டினார். எல்லாம் அறிந்த இறைவனே கேட்டான் எனின், எல்லாம் அறியாத மனிதர் கேளாமல் இருக்கலாமா என்பதே அதன் கருத்து.

தமிழ் மக்களுக்கு இப்பாடம் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுவதும் இதனையே சுற்றி நிற்கிறது. பொற்கொல்லனின் ஒரு சொல்லை நம்பிப் பாண்டியன் ஆணை பிறப்பித்தான். கோவலனை அழைத்து, இச்சிலம்பு உன் கையில் வந்தது எவ்வாறு என்று ஒரு வினா வினவியிருந்தால் போதும். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள், அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள் என்பதைக் கண்டறியச் சில கணங்களே தேவைப்பட்டன. அந்தச் சோதனை நடந்தபோது கோவலன் உயிரோடில்லை. சான்று அரண்மனையில் இருந்தது. சான்றைக் காட்டக்கூடியவன் இல்லாமற் போனான். வேலைநீக்கம் கொலையன்று, எனினும் ஒருவரை அனுப்பிவிட்டுப் பின்னர் உண்மையைத் தேடும் போக்கு இரண்டிலும் ஒன்றே.

நியாயமான விசாரணை எப்படி நடக்கவேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு களஞ்சியசாலையில் ஏட்டின்படி 400 மூடை அரிசி இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தபோது 372 மூடைகளே இருந்தன என்று வைத்துக்கொள்வோம். களஞ்சியக் காப்பாளர் 20 ஆண்டு சேவை செய்தவர். குறைவைக் கண்ட மறுநாள் முகாமையாளர் அவரை அழைத்துக் கோபமாகப் பேசுகிறார். காப்பாளர் அன்று மாலையே விலகற் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

முதலாவதாக வேண்டப்படுவது தெளிவான குற்றச்சாட்டு. நம்பிக்கை மோசடி செய்தீர் என்று மாத்திரம் எழுதினால் அதற்கு எவராலும் பதில் சொல்ல இயலாது. இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடைப்பட்ட காலத்தில் 28 மூடை அரிசி குறைந்துள்ளது, அதற்கு நீர் பொறுப்பாளர், விளக்கம் தருக என்று எழுதினால் அது பதிலுக்கு உரிய குற்றச்சாட்டாகும். இரண்டாவதாக, அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஏடுகளையும் கூற்றுக்களையும் அவர் பார்க்கவேண்டும். மூன்றாவதாக, அவற்றைப் படித்துப் பதில் எழுதப் போதிய கால அவகாசம் வேண்டும். நான்காவதாக, தம்மோடு ஒருவரைத் துணையாக அழைத்துவரவும் சாட்சிகளை வினவவும் இடம் வேண்டும். ஐந்தாவதாக, குற்றஞ்சாட்டியவரே நீதிபதியாகவும் அமர்தல் ஆகாது. கோபமாகப் பேசிய முகாமையாளர் விசாரணைக்குத் தலைமை தாங்குவாராயின் அது விசாரணையாகாது. இறுதியாக, முடிவும் அதற்கான காரணங்களும் எழுத்தில் வேண்டும்.

இவை சேவையில் இருப்பவருக்கும் விலகியவருக்கும் பொதுவானவை. ஆனால் விலகியவருக்குத் தனியான இடர் ஒன்று உண்டு. அவருடைய எதிர்வாதத்துக்கு வேண்டிய சான்றுகள் எல்லாம் வாயிலுக்கு உட்புறத்திலேயே தங்கிவிடுகின்றன. வாய்மொழிக் கட்டளையின்பேரில் மூடைகள் வெளியே கொடுக்கப்பட்டு, ஏட்டில் பதியப்படாமல் விடப்பட்டிருக்கலாம். அதற்கான துண்டு ஒரு கோப்பில் கிடக்கும். அக்கோப்பை அவர் இனி எடுக்க முடியாது. மழையில் நனைந்து பழுதான மூடைகள் அகற்றப்பட்டிருக்கலாம். அதைக் கண்ட தொழிலாளர் அவரோடு பேச அஞ்சுவர். களஞ்சியத்துக்கு இரண்டாம் திறப்பு ஒன்று இருந்திருக்கலாம். அது எவரிடம் இருந்தது என்பதைப் பதிவேடே சொல்லும். சேவையில் இருக்கும்போது அரை மணி நேரத்தில் தேடி எடுக்கக்கூடிய ஒரு கடதாசிக்காக, விலகியவர் பல மாதங்கள் கடிதம் எழுதவேண்டியிருக்கும். ஆகவே நீதியுள்ள நிருவாகம் முதலில் செய்யவேண்டியது, சம்பந்தப்பட்ட ஏடுகள் அனைத்தையும் அழியாமற் பாதுகாத்து, குறித்த ஒரு நாளில் அவர் வந்து பார்வையிட்டுக் குறிப்பெடுக்க வழி செய்வதாகும்.

விலகற் கடிதத்தைப் பற்றி இரண்டு தப்பெண்ணங்கள் நிலவுகின்றன. விலகியது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பது ஒன்று. மானத்துக்கு அஞ்சியோ, நோயினாலோ, வேறு வேலை கிடைத்ததாலோ, இனி இவ்விடத்தில் முகங்கொடுக்க இயலாது என்ற சோர்வினாலோ ஒருவர் விலகலாம். குற்றமற்றவர்களே சில வேளை முதலில் விலகிவிடுகின்றனர். விலகியதோடு விடயம் முடிந்துவிட்டது என்பது மற்றத் தப்பெண்ணம். விடயம் முடியவில்லை, அது வதந்தியாக மாறுகிறது. குற்றம் நிரூபிக்கப்படாமலும் மறுக்கப்படாமலும், காலமெல்லாம் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

இன்னும் ஒரு வழக்கம் உண்டு. நீர் கடிதம் கொடுத்தால் இத்துடன் விட்டுவிடுவோம், கொடாவிட்டால் பொலிசுக்குச் செல்வோம் என்று கூறிக் கடிதத்தை வாங்கிக்கொள்வதே அது. இதனை இருபாலாருக்கும் வசதியான சமாதானம் என்று சிலர் கருதுவர். உண்மையிலே இது விசாரணையைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்படும் வேலைநீக்கம். அச்சுறுத்தலால் எழுதப்பட்ட கடிதம் தன்விருப்பிலான விலகல் ஆகாது என்பது இலங்கையின் தொழிற்சட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கோட்பாடு. கடிதத்தின் சொற்களோடு நில்லாமல், அது எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் தொழில் நியாய சபை ஆராயும்.

தொழில் நியாய சபைகள், 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்மூலம் ஏற்படுத்தப்பட்டவை. தனியார் துறையில் வேலை முடிவுறுத்தப்பட்ட தொழிலாளர் ஆறு மாதத்துக்குள் அங்கு விண்ணப்பிக்கலாம். நீக்கியது நியாயம் என்று காட்டவேண்டிய பொறுப்பு தொழில்கொள்வோரைச் சார்ந்தது. நிறுவனம் தனக்குள் நடத்திய விசாரணையின் முடிவு சபையைக் கட்டுப்படுத்தாது. சபை தானே சாட்சியத்தைக் கேட்டு, நியாயமும் ஒப்புரவும் உடையதெனத் தோன்றும் கட்டளையை வழங்கும். அன்றியும், வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், அதற்குள் அடங்கும் தொழில்களில் ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவர் நீக்கப்பட்டால், நீக்கப்பட்ட நாளின் பின்வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. காரணம் கூறாத வெளியேற்றத்தைச் சட்டம் விரும்பவில்லை என்பதற்கு இவ்விதி தக்க சான்று.

அரசாங்க சேவையிலே ஒழுக்காற்று நடைமுறை தாபன விதிக்கோவையின் இரண்டாம் பாகத்தில் விரிவாக வகுக்கப்பட்டுள்ளது. பூர்வாங்க விசாரணை, குற்றப்பத்திரிகை, உத்தியோகத்தரின் பதில், முறைசார் விசாரணை, கட்டளை என்று படிப்படியாக அது செல்கிறது. அரசாங்க உத்தியோகத்தர் விலகற் கடிதம் கொடுத்தவுடன் சேவை முடிந்துவிடாது. உரிய அதிகாரி அதனை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஓய்வுபெறுபவர்களைப் பொறுத்தவரை ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12 ஆம் பிரிவு முக்கியமானது. ஓய்வுபெறும் வேளையில் ஒருவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ, எடுக்க உத்தேசிக்கப்பட்டிருந்தாலோ, அவர் அளிக்கும் விளக்கம் திருப்தியற்றதெனக் காணப்படுமிடத்து அவருடைய ஓய்வூதியத்தை நிறுத்திவைக்கவோ குறைக்கவோ அப்பிரிவு இடமளிக்கிறது.

இப்பிரிவைக் கண்டு அஞ்சுவோர் பலர். அதன் சொற்களை ஊன்றிப் படித்தால், விளக்கம் என்ற சொல்லே அதன் அச்சாணி என்பது புலனாகும். விளக்கம் கேட்கப்படவேண்டும், அது ஆராயப்படவேண்டும், அதன் பின்னரே ஓய்வூதியத்தில் கைவைக்கலாம். ஓய்வுபெறும் நாள் இன்னதென்று பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, விசாரணையைத் தொடங்காமல் காலத்தைக் கடத்திவிட்டு, இறுதி வாரத்தில் கடிதம் அனுப்பி, அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் முடிவு கூறாதிருப்பது நீதியாகாது. சம்பளமும் நின்று ஓய்வூதியமும் வராத நிலையில் முதுமையில் ஒரு குடும்பம் படும் துன்பம் சிறிதன்று. அது விதிக்கப்படாத தண்டனை. குற்றமற்றவர் என்று பின்னர் முடிவானாலும் கழிந்த ஆண்டுகள் திரும்பி வாரா. ஓய்வை அணுகும் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுமாயின், மற்ற விசாரணைகளுக்கு முன்னர் அவருடைய விசாரணையை எடுத்து முடிப்பதே முறை.

தனியார் துறையில் பணிக்கொடை பற்றியும் இவ்வாறே தெளிவு வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் 5 ஆண்டு சேவை முடித்த ஒருவர் எவ்வகையில் நீங்கினாலும் பணிக்கொடைக்கு உரியவர். மாதச் சம்பளம் பெறுபவருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. நீங்கி 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்படவேண்டும். மோசடி, நிறுவனத்தின் பணத்தைக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைத்தல், பொருள்களின் இழப்புக்குக் காரணமாதல் ஆகியவற்றின்பேரில் ஒருவருடைய சேவை முடிவுறுத்தப்பட்டிருந்தால், அவர் விளைத்த இழப்பின் அளவுக்கு மாத்திரம் அவர் பணிக்கொடையை இழப்பார்.

மேற்சொன்ன களஞ்சியக் காப்பாளரின் சம்பளம் மாதம் 40,000 ரூபா என்று கொண்டால், 20 ஆண்டுக்கு அவருக்குரிய பணிக்கொடை 400,000 ரூபா. 28 மூடைகளின் இழப்பு 280,000 ரூபா என்றும், அதன்பேரிலேயே அவர் நீக்கப்பட்டார் என்றும், அது முறைப்படி நிரூபிக்கப்பட்டது என்றும் வைத்துக்கொண்டாலும், எஞ்சிய 120,000 ரூபாவை நிறுவனம் அவருக்குக் கொடுக்கவே வேண்டும். வெறும் சந்தேகத்தின்பேரில் ஒரு சதமும் பிடித்துவைக்க இயலாது. ஊழியர் சேமலாப நிதி வேறு விடயம். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும் சேர்ந்து வளரும் அந்தப் பணம் பொதுவாக மத்திய வங்கியின் பொறுப்பில் ஊழியரின் பெயரில் இருப்பது. முகாமையாளரின் கோபத்துக்கு அது கட்டுப்பட்டதன்று. இவற்றை அறியாத ஊழியர், எல்லாம் போய்விட்டது என்றெண்ணி வாளாவிருந்துவிடுவதும் உண்டு. அறிந்த ஊழியர் நிதானமாகக் கேட்டுப் பெறுவார்.

பணத்தைவிட நீண்டகாலம் நிற்பது பெயர். சர்வதேசத் தொழில் நிறுவனம் 1982 இல் ஏற்றுக்கொண்ட 158 ஆம் இலக்கச் சமவாயம், நடத்தை பற்றிய குற்றச்சாட்டுக்குப் பதில் கூறச் சந்தர்ப்பம் அளியாமல் எவரையும் வேலையிலிருந்து நீக்கலாகாது என்று கூறுகிறது. அதனோடு வந்த 166 ஆம் இலக்கச் சிபாரிசு மேலும் ஒரு படி செல்கிறது. விசாரணையில் மற்றொருவரின் துணையைப் பெறும் உரிமையை அது கூறுகிறது. நீங்கிச் செல்பவர் கேட்குமிடத்து, அவர் சேர்ந்த நாள், நீங்கிய நாள், செய்த வேலை ஆகியவற்றை மாத்திரம் குறிப்பிடும் சான்றிதழ் ஒன்றை அவருக்கு வழங்கவேண்டும் என்றும், அவருடைய நடத்தையைப் பற்றிய மதிப்பீட்டை அவரே கேட்டாலன்றி எழுதலாகாது என்றும் அது வழிகாட்டுகிறது. ஒழுக்காற்று விசாரணை நடந்தபோது விலகினார் என்ற ஒரு வரியைச் சான்றிதழில் சேர்த்துவிடுவது எளிது. அந்த ஒரு வரி, முடிவு எதையும் கூறாமலே, அவரைக் குற்றவாளியாக்கிவிடும்.

இவையெல்லாம் நிறுவனத்துக்குப் பாரமல்லவா, குற்றவாளி தப்பிவிட மாட்டானா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. பொதுப் பணமும் பிறர் பாதுகாப்பும் காக்கப்பட வேண்டியவைதாம். விசாரணைக் காலத்தில் ஒருவரைக் கடமையிலிருந்து விலக்கி வைக்கவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அது சான்றுகளைக் காப்பதற்காகவே, தண்டனையாக அன்று. ஆனால் விலகியதோடு கோப்பை மூடிவிடும் வழக்கமே குற்றவாளிக்குப் பெரிய உதவி என்பதை மறக்கலாகாது. ஒருவரால் துன்புறுத்தப்பட்ட சக ஊழியை முறையிட்டிருக்கிறார் என்று கொள்வோம். குற்றஞ்சாட்டப்பட்டவர் கடிதம் கொடுத்துப் போய்விட, விசாரணையும் கைவிடப்படுகிறது. முறையிட்டவருக்கு விடை கிடைக்கவில்லை. போனவர் வேறோர் இடத்தில் அதே பதவியில் அமர்கிறார். விசாரணை நிறைவேறியிருந்தால் இருவருக்கும் உரியது கிடைத்திருக்கும். போனவருக்கு முறையாக அறிவித்து, வருவதற்குத் தக்க நாளும் கொடுத்து, அவர் வர மறுத்தால் கிடைத்த சான்றுகளை நடுநிலையோடு ஆராய்ந்து முடிவு எழுதுவதில் தவறில்லை. கேட்க மறுப்பதற்கும், கேட்க அழைத்தும் அவர் வராமைக்கும் வேறுபாடு பெரிது.

ஊழியர் பக்கத்திலும் சில கடமைகள் உண்டு. கோபத்திலோ நாணத்திலோ அன்றே கடிதம் எழுதுதல் நன்றன்று. ஓரிரவாயினும் பொறுத்து, வீட்டாரோடும் தொழிற்சங்கத்தோடும் கலந்து பேசுதல் வேண்டும். விலகுவதே முடிவாயின், குற்றச்சாட்டை மறுப்பதாகவும் விசாரணைக்கு வர ஆயத்தமாக இருப்பதாகவும் கடிதத்திலேயே எழுதிவிடலாம். தம் பொறுப்பில் இருந்த பொருள்களையும் ஏடுகளையும் எண்ணிக் கணக்கிட்டு ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையொப்பம் பெற்றுக்கொள்ளல் மிக அவசியம். பின்னாளில் எழும் பல சந்தேகங்களை அந்த ஒரு கையொப்பம் தீர்த்துவைக்கும்.

வேலைத்தலத்தில் எஞ்சியிருப்போர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். நேற்றுவரை தம்மோடு உணவுண்ட ஒருவர் எவ்வாறு அனுப்பப்பட்டார் என்பதைக் கொண்டே, நாளை தமக்கு என்ன நேரும் என்று அவர்கள் அளவிடுகின்றனர். குற்றம் செய்தவர் முறைப்படி விசாரிக்கப்பட்டு, காரணம் கூறப்பட்டு, உரிய பணம் கொடுக்கப்பட்டு அனுப்பப்பட்டால், அந்நிறுவனத்தின் கட்டளைக்கு மதிப்பு ஏறும். குற்றமற்றவராகக் காணப்பட்டவருக்கு அதுவும் எழுத்தில் கொடுக்கப்படவேண்டும். சேவையை விட்டு நீங்கியவராயினும் அந்தக் கடிதம் அவர் வீட்டு முகவரிக்குப் போய்ச் சேரவேண்டும். 28 மூடை அரிசிக்கு ஏட்டில் கணக்கு எழுதப்படுவதுபோல, 20 ஆண்டு உழைத்த ஒரு மனிதருக்கும் சரியான முடிவு ஒன்று எழுதப்படுதல் நீதியாகும்.